விராலடிப்பானின் கூடும் ஒரு சோதனைக் காலமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகள் நிரம்பியதும் நம் பக்கம் வந்து சேரும் விருந்தாளிகளுள் விராலடிப்பானும் ஒன்று. முதுகு கரும்பழுப்பு, வயிறு வெண்மை, கண்ணின் வழியே பிடரிவரை ஓடும் ஒரு கரிய பட்டை. பலர் இதைப் பருந்து என்றே எண்ணிவிடுகின்றனர். ஆனால் எங்கள் ஊர் ஏரியில் வலை வீசுபவர்கள் ஏமாறுவதில்லை. மீனை அதன் தலை முன்னோக்கி இருக்குமாறு நீளவாக்கில் பிடித்துக்கொண்டு பறந்தால் அது விராலடிப்பான்தான் என்பார்கள். "இதன் கூடு எங்கே இருக்கிறது?" என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டேன். "அதுக்கு இங்க ஏதுப்பா கூடு? பங்குனிக்கு மேல காணாமப் போயிடுமே" என்றார் ஒரு பெரியவர். அவர் கூறியது சரியே. தென்னிந்தியாவில் இது கூடு கட்டுவதில்லை. ஆகவே இதன் குடும்ப வாழ்க்கையை அறிய விரும்புவோர் வடநாடுகளில் பார்த்து எழுதப்பட்டவற்றைத்தான் நாட வேண்டும். அவ்வாறு நான் படித்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது, ஸ்காட்லாந்தில் லாக் கார்ட்டன் என்னும் ஏரிக்கரையில் இருந்த ஒரு கூட்டின் கதை.

அதற்கு முன் பறவையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பாண்டியான் ஹாலியீட்டஸ் என்பது இதன் அறிவியற் பெயர். (பாண்டிய மன்னர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை, கிரேக்கக் கதைகளில் வரும் ஓர் அரசனின் பெயர் அது!) இதன் உணவு ஏறத்தாழ முழுவதும் மீனே. வெளிவிரலைப் பின்புறமாகத் திருப்பி, முன்னே இரண்டு, பின்னே இரண்டு விரல்களாக மீனைப் பற்ற இதனால் முடியும். வழுக்கும் மீன் நழுவாதபடி பாதத்தின் அடியில் முள் போன்ற சொரசொரப்பு உண்டு. நீருள் பாயும்போது மூக்குத் துளைகள் மூடிக்கொள்ளும்.

மரத்தின் உச்சியில் சுள்ளிகளை அடுக்கிக் கட்டும் கூட்டையே ஆண்டுதோறும் புதுப்பித்துப் பயன்படுத்தும். பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடும். அடைகாப்பு ஏறத்தாழ 37 நாள். குஞ்சு பறக்க மேலும் 50 முதல் 55 நாள் ஆகும். இக்காலத்தில் பெண் பறவை பெரும்பாலும் கூட்டைவிட்டு அகலாது. மீன் கொண்டுவருவது ஆணின் பொறுப்பு. அதுவும் தலைப்பகுதியைத் தான் தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவருவது அதன் வழக்கம்! மழையும் காற்றும் தொடர்ந்தால் நீர் கலங்கி மீன் கண்ணுக்குத் தெரியாது. ஆண் வெறுங்காலோடு திரும்பும். முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. ஆகையால் கடைசியாகப் பிறந்த சிறிய குஞ்சுதான் முதலில் பட்டினி கிடக்கும். தாய் இரை தேடப் போனாலோ குஞ்சுகள் நனைந்து விறைத்துப் போகும். ஒரு வார மழையில் ஒரு குடும்பமே அழியக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

ஸ்காட்லாந்தில் விராலடிப்பான் சுடப்பட்டும், முட்டை சேகரிப்போரால் சூறையாடப்பட்டும் 1916-ஆம் ஆண்டோடு இனப்பெருக்கம் செய்யும் பறவை என்ற நிலையை இழந்தது. 1954-இல் ஒரு ஜோடி லாக் கார்ட்டன் அருகே இரண்டு குஞ்சுகளை வளர்த்தது. இவை ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவை எனக் கருதப்படுகிறது. பறவைகளைக் காக்கும் சட்டமும் அதே 1954-இல்தான் பிரிட்டனில் நிறைவேறியது. ஆனால் சட்டப் புத்தகம் மரத்தடியில் காவல் நிற்காதல்லவா? அடுத்து வந்த ஆண்டுகளில் வெற்றி கிட்டவில்லை. எனவே 1958-இல் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பவர் தொண்டர்களைக் கொண்டு இரவு பகலாகக் காவல் ஏற்பாடு செய்தார். இடம் மிக இரகசியமாக வைக்கப்பட்டது.

வடக்கே ஜூன் மாதத்தில் இருள் சில மணி நேரமே நீடிக்கும். அந்தச் சில மணி நேரம் ஒருவனுக்குப் போதுமானதாக இருந்தது. ஜூன் 3 அதிகாலை இருட்டில் அவன் மரத்தில் ஏறினான். காவலர்கள் கண்டு கூச்சலிட்டு ஓடிவருவதற்குள் இறங்கித் தப்பிவிட்டான். கூட்டில் பார்த்தால் இரண்டு கோழிமுட்டைகள்! விராலடிப்பான் முட்டையின் பழுப்புப் புள்ளிகளைப் போலத் தோன்றும்படி காலணிக்குப் போடும் பாலிஷ் பூசப்பட்டவை. உண்மையான முட்டைகள் மரத்தடியில் உடைந்து கிடந்தன. திருடனுக்கும் பயனில்லை, பறவைக்கும் பயனில்லை.

இன்னொரு முறை முட்டையிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜூன் நடுவில் முட்டையிட்டாலும் பொரிவது ஜூலைக் கடைசி. குஞ்சு பறப்பது செப்டம்பர் நடுப்பகுதி. பெண் பறவைகளோ ஆகஸ்டிலேயே தெற்கு நோக்கிப் புறப்படத் தொடங்கும். நாட்கள் போதா. அந்த ஜோடி அருகில் வேறொரு கூட்டைக் கட்டியது. ஆனால் அதில் முட்டையிடவில்லை. பயனற்ற அந்தச் சுள்ளிக் குவியலைப் பற்றிப் படித்தபோது மற்ற எல்லாவற்றையும்விட அதுவே என் மனத்தை வருத்தியது.

முட்டை அழிவதற்குத் திருடன்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் யாரும் தொடாமலே கூடு கூடாக முட்டைகள் பாழாயின. தவறு பெற்றோரிடமா, முட்டையிடமா என்று அறிய பால் ஸ்பிட்சர் என்ற இளைஞர் 1968-இல் ஓர் எளிய சோதனையைத் தொடங்கினார். நல்ல நிலையிலிருந்த செசபீக் விரிகுடாப் பகுதியின் முட்டைகளைக் கொண்டுவந்து கனெக்டிகட் கூடுகளில் வைத்தார். அவை நன்றாகவே பொரிந்தன. பெற்றோரிடம் குறையில்லை, டி.டி.டி. மருந்து மீன் வழியே உடலில் சேர்ந்து ஓட்டை மெலியச் செய்ததே காரணம் என்பது வலுப்பட்டது. அந்நாட்டில் 1972-இல் அம்மருந்து தடை செய்யப்பட்டது.

மீண்டும் லாக் கார்ட்டனுக்கு வருவோம். 1958-இன் தோல்விக்குப் பிறகு இரகசியத்தை இன்னும் இறுக்குவார்கள் என்றே யாரும் எதிர்பார்ப்பர். வாட்டர்ஸ்டன் நேர்மாறாகச் செய்தார். 1959-இல் மரத்தைச் சுற்றி முட்கம்பி கட்டினார். தொலைவில் ஒரு மறைவிடம் அமைத்து, பொதுமக்களே வந்து பாருங்கள் என்று அழைத்தார். அந்தப் பருவத்தில் சுமார் 14,000 பேர் வந்தனர். மூன்று குஞ்சுகளும் பறந்தன. கூட்டம் பறவையை வெருட்டிவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சத்தை நான் குறைகூற மாட்டேன். தூரத்தைக் கண்டிப்பாகக் காக்காவிட்டால் அவ்வாறே நடந்திருக்கும். எனினும் இரகசியத்தை அறிந்தவன் திருடன் ஒருவன் மட்டுமே என்ற நிலையைவிட, ஆயிரம் கண்கள் பார்க்கும் நிலை மேலானது என்றே எனக்குப் படுகிறது.

பெருக்கம் விரைவாக நடக்கவில்லை. இளம்பறவை முதற் கோடையை வெப்ப நாட்டிலேயே கழித்துவிடும். மூன்று வயதுக்கு முன் பெரும்பாலும் கூடு கட்டாது. ஆண்கள் தாம் பிறந்த வட்டாரத்துக்கே திரும்ப முயல்வதால் புதிய இடங்களில் பரவுவதும் மெதுவாகவே நிகழும். இன்று பிரிட்டனில் இருநூறுக்கும் மேற்பட்ட ஜோடிகள் உள்ளன.

இத்தனைக்குப் பின்னும் காவல் ஓயவில்லை. 1971-இல் லாக் கார்ட்டன் முட்டைகள் மீண்டும் திருடுபோயின. 1986-இல் யாரோ கூடிருந்த மரத்தையே இயந்திர வாளால் அறுத்துவிட்டுச் சென்றனர். சங்கத்தார் அறுபட்ட அடிமரத்தை இரும்பால் பிணைத்து மீண்டும் நிற்க வைத்தனர்.