கடலோரம் கடை பார்க்குமுன்

கோடம்பாக்கத்து வாடகை கட்டுப்படியாகாமல் பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் கடை பார்க்கும் உறுப்பினர் சிலர் நம்மிடம் யோசனை கேட்கிறார்கள். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. 2004-இல் பறக்கும் ரயில் திருவான்மியூரைத் தொட்டது. 2011-இல் இவ்வூர்கள் மாநகராட்சியில் சேர்ந்தன. குடும்பங்களும் பெருகின. ஆனாலும் கிழக்குக் கடற்கரைச் சாலை மேல் கடை வேண்டாம் என்போம். காரில் பறப்பவர் அரைக் கிலோ துவரம்பருப்புக்காக நிற்கமாட்டார். உள்தெருவில், குடியிருப்புக்கு நடுவே பாருங்கள்.

வாடகையில் மிச்சமாவதை உப்புக்காற்று தின்றுவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீர்விடும். வெல்லம் அதற்கு முன்பே கசியும். மூட்டைகளைக் கட்டைமேல் அடுக்கி, சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள். சர்க்கரையைக் காற்றுப் புகாத டின்னில் கொட்டி மூடுங்கள். வெல்லம், அப்பளம் ஒரு வாரத்துக்கு மட்டும் எடுங்கள். (சரக்கு விற்கும் நாமே சொல்கிறோம்!) இரும்பு அலமாரிக்கு ஆண்டுதோறும் பெயின்ட் செலவு உண்டு.

பழைய கடையின் உணவுப் பாதுகாப்புப் பதிவு புதிய இடத்துக்குச் செல்லாது, தனியாக எடுக்கவேண்டும். ஜி.எஸ்.டி. பதிவிலும் கிளை முகவரியைச் சேர்த்த பிறகே சரக்கு இறக்குங்கள்.