காஞ்சிபுரம் பகுதிக் கல்வெட்டுத் தரவுகளும் வகுப்பு மாறிகளின் வகை அறிவிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தரவுத்தள வினவலின் விடைகளை ஏற்கும் மாறிகளை வகுப்பின் தொடக்கத்திலேயே தரவு வகையுடன் அறிவிப்பதன் இன்றியமையாமையைக் காஞ்சிபுரம் பகுதிச் சான்றுகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. ஆட்சியாண்டு, விருதுப்பெயர், பொன்னளவு ஆகிய மூன்றும் ஆய்வெல்லையாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: கல்வெட்டு, தரவுத்தளம், வினவல், வகுப்பு மாறி, தரவு வகை, இன்மை மதிப்பு.

முன்னுரை

வினவலின் விடையை ஒவ்வொரு செயற்கூற்றுக்குள்ளும் வகை குறியாத மாறியில் பெறும் வழக்கம் நிரலாக்கத்தில் உண்டு. அந்நிலையில் ஆட்சியாண்டு ஓரிடத்தில் எண்ணாகவும் மற்றோரிடத்தில் எழுத்துச்சரமாகவும் அமைந்துவிடக்கூடும். 12 என்பது எண்ணாயின் 9க்குப் பின் நிற்கும். சரமாயின் 9க்கு முன் நிற்கும். கால வரிசை இதனால் பிறழும். 'கல்வெட்டு' என ஒரு வகுப்பை அமைத்து, அதன் மாறிகளை வகையுடன் அறிவித்தால் செயற்கூறுகள் யாவும் ஒரே வரையறைக்குக் கட்டுப்படும். அம்மாறிகள் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் தனித்தனியே அமைதல் வேண்டும். வகுப்பு முழுமைக்கும் பொதுவாக வைப்பின், இறுதியில் படித்த கல்வெட்டின் மதிப்பே எல்லாவற்றிற்கும் உரியதாகிவிடும்.

1. சிதைந்த ஆட்சியாண்டு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள குடவோலைக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. அவன் ஆட்சித் தொடக்கமாகிய கி.பி. 907உடன் இவ்வெண்களைக் கூட்டி 919, 921 எனக் காலம் கணிக்கப்படுகிறது. ஆண்டெண் சிதைந்த கல்வெட்டிற்கோ தரவுத்தளத்தில் இன்மை மதிப்பே இடப்படும். ஜாவா மொழியில் 'கெட்இன்ட்' என்னும் செயற்கூறு இன்மை மதிப்பைச் சுழியமாகத் திருப்பித் தருகிறது. அச்சுழியத்தை 907உடன் கூட்டும் நிரல், காலம் அறியப்படாத கல்வெட்டைக் கி.பி. 907க்கு உரியதாகக் காட்டும். இங்கு நிகழ்வது கணினிப் பிழை மட்டுமன்று; கல்லில் இல்லாத சான்றொன்று வரலாற்றுள் புகுகிறது. ஆட்சியாண்டு மாறியை இன்மையையும் ஏற்கும் முழுவெண் வகையாக அறிவித்தலும், படிக்கும்போது மதிப்பு இன்மையா எனச் சோதித்தலும் இதனைத் தடுக்கும். அறிவிப்பு மட்டும் போதாது; சுழியமாக மாறிய பின் வந்து சேரும் மதிப்பை வகை அறிவிப்பால் மீட்க இயலாது.

2. விருதுப்பெயரும் அரசனும்

சோழர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் புனைந்தனர். விசயாலயன், முதலாம் பராந்தகன், உத்தம சோழன், முதலாம் இராசேந்திரன் ஆகியோர் பரகேசரிகளே. எனவே 'கோப்பரகேசரி' என மட்டும் சுட்டும் கல்வெட்டை ஒருவனுக்கே உரியதெனக் கொள்ளலாகாது. விருதுப்பெயரை வரையறுத்த இரு மதிப்புகளுள் ஒன்றாகவும், அரசனை ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை ஏற்கும் பட்டியலாகவும் அறிவிப்பது தகும். கல் கூறுவதும் ஆய்வாளர் உய்த்துணர்வதும் இவ்வாறு வேறுபடுத்தப்படுகின்றன.

3. பொன்னளவு

உத்தம சோழனின் 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டு ஊரகத்துக் கோயிலின் பொன் முதலையும் நெசவாளர் குடியிருப்புகளையும் பற்றிக் கூறுகிறது. இத்தகைய ஆவணங்களில் பொன் கழஞ்சாலும் மஞ்சாடியாலும் அளக்கப்படும். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஆகவே ஒரு மஞ்சாடி 0.05 கழஞ்சு. மிதவைப்புள்ளி வகை இருமக் கணக்கில் இப்பின்னத்தைத் துல்லியமாகத் தாங்காது. பல கொடைகளைக் கூட்டும்போது சிறு பிழைகள் சேரும். தொகுப்பில் வரும் மிகச்சிறிய அளவை அலகாகக் கொண்டு முழுவெண் வகையில் அறிவிப்பின் கூட்டுத்தொகை பிழையின்றி அமையும்.

முடிவுரை

சிதைவு, ஐயம், அளவு ஆகிய மூன்றும் கல்வெட்டியலின் அடிப்படைச் சிக்கல்கள். அச்சுப் பதிப்பில் அவற்றைப் புள்ளிகளாலும் அடைப்புக்குறிகளாலும் பதிப்பாசிரியர் உணர்த்துவர். கணினித் தொகுப்பில் அப்பணியை வகுப்பின் வகை அறிவிப்பே ஏற்கிறது. ஆதலின் வகைகளைத் தெரிவு செய்யும் பொறுப்பை நிரலாளரிடம் மட்டும் விடாது, கல்வெட்டு அறிஞரும் உடனிருந்து வரையறுத்தல் வேண்டும்.