வயிற்று அறுவைக்குப் பின் நரம்புத் தடை

வயிற்றில் அறுவைச் சிகிச்சை பெற்றவர், முதல் ஓரிரு நாட்கள் வலிக்கு அஞ்சி இருமாமலும், ஆழ்ந்து மூச்சிழுக்காமலும் இருப்பது இயல்பு. இதனால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. சளி தேங்கி நிமோனியா உண்டாகலாம். அசையாது கிடப்பவரின் கால் நாளங்களில் இரத்தம் உறைவதும் உண்டு. ஆகவே, வலியைத் தணித்தலும் சிகிச்சையின் ஓர் உறுப்பேயாகும்.

வயிற்றின் முன்சுவருக்கு உணர்ச்சி தருபவை, மார்புத் தண்டுவட நரம்புகளுள் கீழுள்ள ஆறும், இடுப்புப் பகுதியின் முதல் நரம்பும் ஆகும். விலாப்புறத்தில் மூன்று தசையடுக்குகள் உள்ளன. அவற்றுள் நடு அடுக்கிற்கும் உள்ளடுக்கிற்கும் இடையே இந்நரம்புகள் செல்கின்றன. அவ்விடைவெளியில் மரப்பு மருந்தைச் செலுத்துவதே நரம்புத் தடை. 2001-இல் ராஃபி என்னும் மருத்துவர் இம்முறையை விவரித்தார். அவர் இடுப்பெலும்பின் மேலுள்ள முக்கோணப் பகுதியைக் கையால் தடவி இடமறிந்தார். இன்று அல்ட்ராசவுண்டு கருவியின் திரையில் ஊசிமுனையையும், மருந்து பரவுவதையும் நேரே காணலாம்.

இம்முறைக்கு எல்லை உண்டு. மரப்பது வயிற்றுச் சுவர் மட்டுமே. குடல், கருப்பை முதலியவற்றின் நோவு வேறு நரம்புகளின் வழியே செல்கிறது. ஒருமுறை செலுத்திய மருந்தின் பயனும் பொதுவாக ஒரு நாளைக்குள் தேய்ந்துவிடும். சிசேரியன் அறுவையில் தண்டுவடத் திரவத்தினுள் மார்பின் அளிக்கப்பட்டிருப்பின், தடையினால் கூடுதல் பயன் சொற்பமே; மார்பின் கிட்டாத இடத்தில் அதன் பயன் மிகுதி.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தினால் மருத்துவத்திற்கும் மார்பின் அரிதாயிற்று. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. அதற்கு முயன்றோருள், 2003-இல் நிறுவப்பட்டுத் திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் பாலியம் இந்தியா அமைப்பும் ஒன்று. அதன் நிறுவனர் எம். ஆர். ராஜகோபால், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் பயின்ற மயக்கவியல் மருத்துவர்; தொடக்கத்தில் புற்றுநோயாளிகளுக்கு நரம்புத் தடை செய்தவர். தடை மட்டும் போதாது என்பதே அவர் அனுபவத்தில் கண்ட முடிவு. அறுவை நோயாளிக்கும் இது பொருந்தும்.

மருந்தின் அளவில் கவனம் தேவை. புபிவக்கெயினுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது பாதுகாப்பான கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 100 மில்லிகிராம், 0.25 சதவீதக் கரைசலில், இரு பக்கமும் சேர்த்து 40 மில்லிலிட்டர். மிகுந்தால் நாக்கு மரத்தல், காதிரைச்சல், வலிப்பு, இதயத் துடிப்புத் தடுமாற்றம் ஆகியவை தோன்றலாம். இதனை முறிக்க, இரத்தநாளத்தில் செலுத்தும் 20 சதவீதக் கொழுப்புக் குழம்பும், ஆக்சிஜனும் அருகில் இருத்தல் வேண்டும்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை:

1. வலியில்லை என்பதற்காக, வேளை தவறாது தரவேண்டிய பாராசிட்டமால் முதலிய மருந்தை நிறுத்தலாகாது. தடை நீங்கியபின் வலி திடீரென மிகும்.

2. மருந்து கசிந்து தொடை நரம்பை அடைந்தால் கால் சற்று நேரம் தளரும். முதன்முறை எழும்போது ஒருவர் தாங்கிப் பிடித்தல் வேண்டும்.

3. படுத்திருக்கையில் மட்டுமன்றி, இருமச் செய்தும் வலியைக் கேட்டறிதல் வேண்டும். அச்சமின்றி இருமுவாராயின் சிகிச்சை பயன் தந்ததெனக் கொள்ளலாம்.