தன்னைத் தானே சோதித்த பேரரசர்



நாட்டை ஆள்வதைவிடத் தன் மனத்தை ஆள்வதே அரிது என்று எண்ணிய பேரரசர் ஒருவர் இருந்தார். அவரே மார்க்கஸ் அரேலியஸ். கி.பி. 121-இல் உரோமை நகரில் பிறந்த இவர், 161 முதல் 180 வரை உரோமைப் பேரரசை ஆண்டார்.

இவர் பின்பற்றியது ஸ்டோயிக் என்னும் தத்துவம். செல்வமும் புகழும், நோயும் மரணமும் நம் கையில் இல்லை. அவற்றை ஏற்கும் மனநிலை மட்டுமே நம் கையில் உள்ளது. நற்பண்பே உண்மையான நன்மை. மனிதர் அனைவரும் உறவினர். இவையே அதன் சாரம். முன்பு அடிமையாயிருந்த எபிக்டெட்டஸ் என்பவரின் போதனைகளை இவருக்குப் படிக்கக் கொடுத்தவர் ஆசிரியர் ரஸ்டிகஸ். அடிமையின் சொல்லைப் பேரரசர் பாடமாகக் கொண்டது வியப்பன்றோ!

இவரது வாழ்வு மலர்ப் படுக்கையன்று. பிள்ளைகளுள் பலர் சிறுவயதிலேயே இறந்தனர். நாட்டில் கொள்ளைநோய் பரவியது. டான்யூப் நதிக்கரையில் போர் நீண்டது. அப்போர்க்களத்திலும் தமக்கென்றே கிரேக்க மொழியில் குறிப்புகள் எழுதி, தம் குறைகளைத் தாமே கண்டித்துக்கொண்டார். 12 பகுதிகளுள்ள அந்நூலின் முதற்பகுதி முழுவதும் நன்றியுரையே. பக்தி, ஈகை, எளிமை ஆகியவற்றைத் தாயிடம் கற்றதாக அதில் எழுதியுள்ளார்.

ஆனால், மேலும் படித்தபோது என் மனம் கலங்கியது. 165-ஆம் ஆண்டளவில் தத்துவ அறிஞரான புனித ஜஸ்தீனுக்கு மரணதண்டனை விதித்த உரோமை நகர அதிகாரி அதே ரஸ்டிகஸ்தான்! 177-இல் லியோன் நகரில் பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணும் வேறு பலரும் வேதசாட்சிகளாயினர். விசுவாசத்தை மறுக்காதவர்களைக் கொல்லுமாறு பேரரசரே பதில் அனுப்பியதாகத் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியுஸ் கூறுகிறார். ஓர் அடிமையை ஆசானாகப் போற்றியவர், மற்றோர் அடிமையின் உள்ளத்தைக் காணவில்லையே!

நாள்தோறும் தம்மைச் சோதித்தவர் இதை ஏன் உணரவில்லை? ஊரார் அனைவரும் சரியென்று கொண்டதை அவரும் சரியென்றே கொண்டார் போலும்.

தோழியரே, இரவில் நாமும் ஆத்தும சோதனை செய்கிறோம். கோபம், பொய், சோம்பல் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வகுப்பே சேர்ந்து ஒரு தோழியை ஒதுக்கி வைத்தால், அது நம் கணக்கில் வருகிறதா? எல்லாரும் செய்வதால் அது குற்றமாகத் தோன்றுவதில்லை. பேரரசரின் நேர்மையைப் பின்பற்றுவோம். அவர் காணாததையும் காண முயல்வோம்!