பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டர்?

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே 'இயக்க விதிகள்'தான். வரையறைகளை மளமளவென ஒப்பிக்கிற பிள்ளைகள்கூட, கணக்கு என்று வந்ததும் நோட்டை மூடிவிடுகிறார்கள். இதற்குப் பயந்தே பதினோராம் வகுப்பில் சயின்ஸ் குரூப் வேண்டாம் என்று சொல்லும் மாணவியரும் உண்டு. ட்யூஷன் தேடுவதற்கு முன், மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். லாரி ஓட்டும் அத்தாமார்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஒரு கணக்கு. நாமக்கல்லில் முட்டை ஏற்றிய லாரி மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது. பிரேக் பிடித்ததும் வேகம் சீராகக் குறைந்து 4 விநாடியில் நிற்கிறது. பிரேக் பிடித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்?

முதலில் படம் வரையச் சொல்லுங்கள். ஒரு பெட்டி, போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி, போதும். தெரிந்ததை ஒரு பக்கமும் கேட்டதை ஒரு பக்கமும் எழுதட்டும். அடுத்தது அலகு. நேரம் விநாடியில் இருக்கும்போது வேகம் மணிக்கணக்கில் இருக்கக் கூடாது. 72ஐ 5ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் விநாடிக்கு 20 மீட்டர். (1000 மீட்டரை 3600 விநாடியால் வகுத்துச் சுருக்கியதுதான் அந்த 5/18. இது புரிந்தால் மனப்பாடம் தேவையில்லை.)

இங்கே பலரும் 20ஐ 4ஆல் பெருக்கி 80 மீட்டர் என்று எழுதிவிடுவார்கள். கடைசி வரை அதே வேகத்தில் ஓடியிருந்தால்தான் 80. வேகம் 20இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது, சராசரி 10. ஆகவே 40 மீட்டர். எதிர் முடுக்கம் 20ஐ 4ஆல் வகுக்க, 5 மீ/வி².

அதே பிரேக், வேகம் மட்டும் 36 கி.மீ. என்றால்? பாதியாக 20 மீட்டர் வரும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்: விநாடிக்கு 10 மீட்டர், நிற்க 2 விநாடி, சராசரி 5. பத்தே மீட்டர்! வேகம் பாதியானால் தூரம் கால் பங்காகிறது. பைக் கேட்டு அடம்பிடிக்கும் பையனுக்கு இதைக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள்.

இனி விசை. பிரேக் பிடித்ததும் முட்டைத் தட்டு முன்னால் சரிகிறதே, அதைத் தள்ளிய விசை எது? எதுவும் தள்ளவில்லை. தட்டு தான் போன வேகத்திலேயே போகப் பார்க்கிறது, அதுதான் நிலைமம். அதை நிறுத்தத்தான் விசை வேண்டும், அதுவும் பின்னோக்கி. 30 முட்டை அடுக்கிய தட்டு 1.5 கிலோ என்று வைத்தால், 1.5ஐ 5ஆல் பெருக்க 7.5 நியூட்டன். அடியில் உள்ள உராய்வும் கட்டிய கயிறும் அதைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் முட்டை உடையும்.

இது உடனே பிடிபடவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஓடும் பொருளை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அரிஸ்டாட்டிலே எண்ணினார். தடையில்லாத வெற்றிடத்தில் எறிந்த பொருள் நிற்காது என்று வாதிட்ட இப்னு சீனா மறைந்தது 1037இல். நியூட்டனின் விதிகள் அச்சில் வந்தது 1687இல்.

வீட்டுப் பயிற்சி: சரக்கோடு 10,000 கிலோ நிறையுள்ள அந்த லாரியை முதல் கணக்கில் சொன்னபடி நிறுத்த எத்தனை நியூட்டன் விசை வேண்டும்? மாட்டைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க 1 விநாடி ஆனால், கண்ட இடத்திலிருந்து எத்தனை மீட்டரில் லாரி நிற்கும்?

விடை: 50,000 நியூட்டன், 60 மீட்டர்.