ஒரகடத்திலிருந்து உயிர் காலேஜுக்கு

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை பார்க்கும் யாருக்கும் இந்தப் பொறுப்பு ஒரு நாள் வந்து சேரும். புது மெஷினை ஓட்டிக் காட்ட வந்த ஜப்பான்காரரோ கொரியக்காரரோ ஜெர்மன்காரரோ, மூன்று வாரமாக கெஸ்ட் ஹவுஸுக்கும் ஷாப் ஃப்ளோருக்கும் நடந்து சலித்துப்போய், லீவு நாளில் எங்காவது போகலாமா என்று கேட்பார். மகாபலிபுரம் பார்த்தாயிற்று. காஞ்சிபுரத்தில் பட்டும் எடுத்தாயிற்று. மேனேஜர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்போது யோசிக்காமல் வண்டலூர் மிருகக்காட்சி சாலை என்று சொல்லிவிடுங்கள். ஆனால் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் முதல்முறை அதைத்தான் கோட்டை விட்டேன். மே மாதம், கத்திரி வெயில். காலை டிபனை நிதானமாக முடித்து, பதினொன்றரைக்கு உள்ளே நுழைந்தோம். ஒரு புலியின் முதுகு தெரிந்தது. ஒரு சிங்கத்தின் வால் தெரிந்தது. மற்றதெல்லாம் காலிப் புல்வெளியும் எங்கள் வியர்வையும்தான். விருந்தாளி மரியாதைக்காக எல்லாவற்றையும் படம் எடுத்தார், காலி அகழிகளைக்கூட.

அவர் ஊர்க் கணக்கு வேறு. ஜப்பானின் வடகோடியில், ஹொக்கைடோ தீவில், அசாஹிகாவா என்று ஒரு நகரம். 1902 ஜனவரியில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 41 டிகிரி பதிவானது. அதிகாரபூர்வக் கணக்கில் அந்நாட்டில் அந்தக் குளிரை இன்னும் எந்த ஊரும் முந்தவில்லை. அங்குள்ள அசாஹியாமா மிருகக்காட்சி சாலைக்குப் பனிக்காலத்திலும் கூட்டம் வரும். குளிரில் பெங்குவின்கள் சோம்பிக் கிடக்கின்றன என்று அவற்றைப் பனியில் நடக்க விட்டார்கள். அந்த நடையைப் பார்க்கவே ஜனங்கள் இரு பக்கமும் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டின் வில்ஹெல்மா மிருகக்காட்சி சாலையிலோ குளிர்காலத்தில் மனிதர்கள் கதகதப்பான கண்ணாடி மாளிகைகளைத் தேடித்தான் போவார்கள். குளிர் நாட்டு மிருகக்காட்சி சாலையில் கூட்டம் பனியின் பின்னாலோ சூட்டின் பின்னாலோ போகும். நம் ஊரில் நிழலின் பின்னால் போக வேண்டும், விலங்கும் சரி மனிதரும் சரி. இந்த ஒரு வித்தியாசத்தைக் காரில் போகும்போதே விருந்தாளிக்குச் சொல்லிவிட்டால், அங்கே போய் ஏமாற மாட்டார்.

நாள் முதலில். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. வார விடுமுறை ஞாயிறாக இல்லாமல் வேறு கிழமையாக இருக்கும் கம்பெனிக்காரர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், ஆனால் தாம்பரம் வரைக்கும் உள்ள குடும்பங்கள் எல்லாம் அங்கே இருக்கும். காணும் பொங்கலன்று போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அன்று விலங்குகள்தான் மனிதர்களை வேடிக்கை பார்க்கும். வேலை நாள் ஒன்றில் ஒரு நாள் லீவு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. மாதம் என்றால் மார்கழி, தை, மாசி.

வண்டி எடுப்பது சுலபம். ட்ராவல்ஸ்காரர்கள் எல்லாரும் எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் என்றுதான் பேசுவார்கள். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வண்டலூர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். போக, வர, நடுவில் ஒரு சுற்று, எல்லாம் சேர்ந்தும் எண்பதைத் தொடாது. எட்டு மணி நேரம்தான் இறுக்கும். டிரைவர் பேட்டாவும் பார்க்கிங்கும் யார் கணக்கு என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டிரைவர் வழிகாட்டி அல்ல. நல்ல மனிதராக இருந்தாலும் வாசலில் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவார். இந்தப் பயணத்துக்கு கைடு நீங்கள்தான். அதனால்தான் இவ்வளவு விவரம்.

திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்கும் கணக்கில் ஏழரைக்குள் கிளம்புங்கள். ஷிப்ட் பஸ்கள் எதிர்த்திசையில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும். வெள்ளை பஸ், நீல பஸ், முன்கண்ணாடியில் கம்பெனி பெயர், உள்ளே கழுத்தில் அடையாள அட்டையோடு தூங்கும் பிள்ளைகள். வெளிநாட்டு விருந்தாளிகள் இதை ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் இறங்கியதும், 2010இல் ரெனோ-நிஸானும் 2012இல் டைம்லர் லாரியும் ஒரகடத்துக்கு வந்ததும் இந்தச் சாலையின் காலைப் பொழுதை எப்படி மாற்றின என்பதை அவரிடம் சொல்லலாம். படப்பை கடைத்தெருவில் வண்டி ஊரும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பேச்சு வேண்டும்.

பேச்சுக்கு ஒரு குறிப்பு. கொரியக்காரராக இருந்தால் ஃபூபாவோ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். 2020 ஜூலையில் எவர்லேண்டில் பிறந்த பாண்டாக் குட்டி. 2024 ஏப்ரலில் சீனாவுக்கு அனுப்பியபோது மழையில் நின்று அழுதவர்கள் ஆயிரக்கணக்கில். உங்கள் விருந்தாளியின் வீட்டில் ஒருவராவது அழுதிருப்பார். அதற்குப் பிறகு வண்டலூர் வருகிற வரை நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

வண்டலூரில் ரயில் பாதையைத் தாண்டி ஜிஎஸ்டி சாலைக்கு வந்ததும் பூங்கா வாசல். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு இந்த இடத்தின் நெரிசலே வேறு. பண்டிகைக்கு முந்தைய நாள் மட்டும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். நுழைவுச்சீட்டை முந்தின நாளே ஆன்லைனில் எடுத்துவிடலாம். பெரிய கேமரா கொண்டுபோனால் தனிக் கட்டணம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு இடமில்லை. வீட்டுத் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில், ஆளுக்கு இரண்டு. தொப்பி கட்டாயம். விருந்தாளி வேண்டாம் என்பார், வாங்கிக் கொடுங்கள்.

வாசலில் பெயர்ப்பலகையைக் காட்டி இது எப்போது தொடங்கியது என்று கேட்பார். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இங்கே திறக்கப்பட்டது 1985 ஜூலை 24, எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். ஆனால் கதை அதற்கும் 130 வருஷம் முந்தியது. எழும்பூர் மியூசியத்தை நடத்திய எட்வர்டு பால்ஃபோர் என்ற டாக்டர், உயிருள்ள மிருகம் இருந்தால் பாடம் செய்து வைத்ததைப் பார்க்கவும் கூட்டம் வருகிறது என்று கண்டுகொண்டார். கர்நாடக நவாபிடம் பேசி அவர் வளர்த்த மிருகங்களை வாங்கி, 1855இல் மியூசியத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கிவிட்டார். அது பிறகு பார்க் டவுனுக்குப் போய், நூறு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்து, இடம் போதாமல் வண்டலூர் காட்டுக்கு வந்தது. பழைய மெட்ராஸ்காரர்கள் மியூசியத்தை செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும்தான் சொல்வார்கள். இதை மொழிபெயர்த்துச் சொன்னால் எந்த நாட்டுக்காரரும் சிரித்துவிடுவார்.

இப்போது முக்கியமான விஷயம். இடம் 602 ஹெக்டேர். இதை முழுதும் பார்த்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது. உள்ளே நுழைந்ததும் பேட்டரி வண்டி கண்ணில் பட்டால் குடும்பங்கள் ஓடிப்போய் ஏறும். நீங்கள் ஏறாதீர்கள். வெயில் ஏறுமுன் இருக்கும் ஒன்றரை மணி நேரம் நடப்பதற்கு. வரைபடத்தில் புலி, சிறுத்தை, கரடி எங்கே என்று பார்த்து நேராக அங்கே போங்கள். இரவு அறைகளிலிருந்து வெளியே விட்ட நேரம். எல்லையைச் சுற்றிச் சுற்றி வரும், மரத்தை முகரும், தண்ணீரில் இறங்கும். பத்தரைக்கு மேல் அதே புலி ஒரு கல் மாதிரி கிடக்கும்.

வெள்ளைப் புலியைப் பார்த்ததும் பனிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வி கேட்பார்கள்: இது பனிப் பிரதேசத்துப் புலியா? இல்லை. தனி இனமும் இல்லை. நம் வங்கப் புலிதான், நிறத்தில் மட்டும் ஒரு மரபுக் கோளாறு. 1951இல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் மத்திய இந்தியக் காட்டில் பிடித்த மோகன் என்ற ஆண் குட்டியின் வாரிசுகள்தான் உலகத்தில் பல மிருகக்காட்சி சாலைகளில் இருக்கும் வெள்ளைப் புலிகள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் மாறுகண் முதல் பல குறைகளும் கூடவே வந்தன. அழகுக்காகச் செய்த இந்தக் காரியம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் பார்க்காமல் வர முடிவதில்லை.

குளிர் நாட்டைச் சேர்ந்தது என்று உரிமையோடு சொல்ல இங்கே ஒருவர் இருக்கிறார்: இமயமலைக் கருங்கரடி. மார்பில் வெள்ளையாக ஒரு பிறை. பக்கத்தில் நம் ஊர்க் கரடியையும் பாருங்கள். நீளமான மூக்கு, பரட்டை முடி, கறையானை உறிஞ்சித் தின்பதற்கென்றே அமைந்த வாய். இரண்டும் ஒரே வெயிலில். கோடையில் பழத்துண்டுகளை உறையவைத்த ஐஸ் கட்டிகளைக் கரடிகளுக்குக் கொடுக்கிறார்கள்; மற்ற சில கூண்டுகளில் தண்ணீர் தெளிப்பான், ஓலைப் பந்தல். வில்ஹெல்மாவில் ஹீட்டருக்கு ஆகும் யோசனை இங்கே ஐஸுக்கு ஆகிறது. மே மாதம்தான் வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால், அந்த ஐஸ் நேரம் எப்போது என்று பராமரிப்பாளர் யாரையாவது பணிவாகக் கேளுங்கள். காக்கிச் சட்டைக்காரர்களுக்குத் தெரிவது எந்தப் பலகையிலும் இல்லை. “அண்ணா, இவர் ரொம்ப தூரத்திலேர்ந்து வந்திருக்காரு” என்று ஆரம்பித்தால் போதும். விலங்கின் பெயர், வயது, கோபம் எல்லாம் வரும்.

அவர்கள் ஓரமாக நிற்கச் சொன்னால் நின்றுவிடுங்கள். 2021 ஜூனில் கொரோனா வந்து இங்கே நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. சில நாளில் இன்னொரு ஆண் சிங்கமும். அந்தப் பயம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை. சிங்க உலா வண்டி ஓடுகிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே விசாரியுங்கள். ஓடினால் நல்லது, ஓடாவிட்டால் துக்கப்பட ஒன்றுமில்லை.

பதினொரு மணிக்கு மேல் நிழல் தேடும் நேரம். பழையவர்கள் இங்கே இதைவிட அடர்த்தியான நிழல் இருந்தது என்பார்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. பூங்காவையே பல நாள் மூடிவைத்தார்கள். நடுவில் வெட்டவெளியாகத் தெரியும் இடங்களுக்குக் காரணம் அதுதான். இந்த நேரத்துக்கு உள்ளே நடந்து பார்க்கும் பறவைக்கூடமும், குரங்குகளும், முதலைகளும் சரி. சிங்கவால் குரங்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் மட்டும் வாழ்வது. நமக்கு வால்பாறை போனால் ரோட்டோரம் தெரிகிற குரங்கு, அவருக்கு வாழ்நாளில் ஒருமுறை. காட்டுமாடும் அப்படித்தான். வெள்ளை காலுறை போட்டது போல நிற்கும் அந்த மலையைப் பார்த்து, ஜெர்மன்காரர் ஒருவர் இது எத்தனை டன் என்றுதான் முதலில் கேட்டார். லாரி செய்பவர்கள் வேறெப்படிக் கேட்பார்கள்!

இப்போது பேட்டரி வண்டியில் ஏறலாம். கால் வலியும் தீரும், விட்டுப்போன ஒட்டகச்சிவிங்கி, நீர்யானையெல்லாம் ஓரக்கண்ணில் பட்டுப் போகும். மழைக்குப் பிந்தைய மாதங்கள் என்றால் ஓட்டேரி ஏரிக்கரையில் மட்டும் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கே உள்ள நாரைகளும் நீர்க்காகங்களும் யாரும் கொண்டுவந்து வைத்தவை அல்ல. தாமாக வந்தவை, தாமாகப் போகும். என்னைக் கேட்டால் இந்தப் பூங்காவில் மிகச் சிறந்த காட்சி அதுதான், டிக்கெட் விலையில் பாதி அதற்கே சரியாகிவிடும்.

உங்களோடு வந்தவர் வெளிநாட்டுக்காரராக இல்லாமல், லைனில் வேலை பார்க்கும் டார்ஜிலிங் பையனாகவும் இருக்கலாம். இப்போது இந்த வட்டாரத்தில் அது சகஜம். அவன் கருங்கரடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எங்கள் ஊரில் வந்து பாருங்கள் என்பான். சொல்வது நியாயம். 1958இல் தொடங்கிய பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்கா ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. பரப்பில் வண்டலூரோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பனிச்சிறுத்தையையும் சிவப்புப் பாண்டாவையும் அங்கேயே இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள். அங்கே பிறந்த சிவப்புப் பாண்டாக்களைச் சிங்கலிலா காட்டிலும் விட்டிருக்கிறார்கள். டென்சிங் நார்கே பயிற்சி கொடுத்த மலையேற்றக் கழகம் பக்கத்திலேயே. சென்னையிலிருந்து பாக்டோக்ராவுக்கு விமானம், அங்கிருந்து ஜீப்பில் மலையேற்றம். வியாழக்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அங்கே அன்றுதான் விடுமுறை. நம் வெயிலில் பனிச்சிறுத்தையை வைத்துக் காப்பாற்ற முயல்வது பாவம். அதைப் பார்க்க வேண்டுமானால் நாம்தான் ஏற வேண்டும்.

ஒன்றரைக்கு வெளியே வந்துவிடுங்கள். வாசலில் இளநீர். பிறகு ஜிஎஸ்டி சாலையில் ஏசி உள்ள ஏதாவது ஓட்டலில் சாப்பாடு. காரத்துக்குக் கண் கலங்கும் விருந்தாளிக்குத் தயிர் சாதமும் அப்பளமும் கை கொடுக்கும். டிரைவரையும் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் திரும்பும் வழியில் படப்பைப் பக்கமிருந்து மணிமங்கலம் போகலாம். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்த போர்க்களங்களில் ஒன்று. இன்று பெரிய ஏரி, பழைய கோயில்கள், கரையில் மேயும் எருமைகள். காலையிலிருந்து அகழிக்கு அப்பால் விலங்குகளைப் பார்த்தவருக்கு, எருமை ஒன்று வண்டிக்குக் குறுக்கே நின்று நகர மறுப்பது தனி அனுபவம். ஹாரன் அடிக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். படம் எடுத்து முடிக்கட்டும். ஆனால் மூன்றுக்குள் கிளம்பிவிட வேண்டும். ஷிப்ட் விடும் நேரத்தில் மாட்டினால் ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டுவதற்குள் எட்டு மணி நேரம் முடிந்து, ட்ராவல்ஸ்காரர் கூடுதல் மணிக்கு மீட்டர் போட ஆரம்பித்துவிடுவார்.