போர்ச்சுகலில் எங்கே குடியேறுவது?

வேலைக்கோ படிப்புக்கோ போர்ச்சுகல் கிளம்பும் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு குடும்பங்கள் வீட்டுக்கு முன்பணம் அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் ஊரை முடிவு செய்யுங்கள். லிஸ்பன், போர்ட்டோ இரண்டிலும் மெட்ரோ உண்டு, வாடகையும் கூடுதல். பிராகா, கொயிம்ப்ராவில் செலவு குறையும்.

2. விளம்பரத்தில் ‘டி2’ என்றிருந்தால் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம்.

3. வெயில் விழும் வீடாகப் பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் சூடேற்றும் வசதி கிடையாது. குளிர்கால ஈரத்தில் சுவரில் பூஞ்சை பிடிக்கும். போர்ட்டோவில் மழை வேறு மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் பெய்யும். இங்கே கிழக்கு வாசல் தேடுகிறவர்கள் அங்கே தெற்கு ஜன்னலைத் தேடலாம்: குளிர்கால வெயில் அந்தப் பக்கமிருந்துதான் வரும். வாஸ்து கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

4. அப்பா அம்மா வந்து தங்குவார்களானால் லிஸ்பனின் அல்ஃபாமா போன்ற மேட்டுப் பகுதிகளைத் தவிருங்கள். படிக்கட்டுத் தெருக்கள் முழங்காலுக்கு ஆகாது.

5. லிஸ்பனில் மெட்ரோ நிலையத்தை ஒட்டி வீடு பாருங்கள். லூமியார் பகுதி ராதா கிருஷ்ணர் கோயிலுக்கும், பருப்பு, மசாலா கிடைக்கும் மார்ட்டிம் மொனிஸுக்கும் எளிதில் போய்வரலாம்.

6. குழந்தைகள் இருந்தால் பள்ளியை முதலில் விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் இடம் ஒதுக்கும்போது குடியிருக்கும் பகுதியும் பார்க்கப்படும்.

7. வரித்துறையில் பதிவாகாத வாடகை ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காதீர்கள். முகவரிச் சான்று கேட்கும் இடங்களில் அது கைகொடுக்காது.